ஒற்றியூரில் போன கண்

யாழ்ப்பாணத்து ஊரவர்களுக்கு ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன்.

காணி எல்லைக்கும் சீதன உறுதிக்கும் வழக்காடி, கூடப்பிறந்தவரோடு கதைக்காமல் இருக்கும் குடும்பங்கள் ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. இரண்டு பகுதியாரும் கோயிலுக்குப் போகிறார்கள். எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இதைக் கடவுள் நம்பிக்கை என்று ஏற்க என்னால் முடியவில்லை. நம் கோயில்களில் பயன் சொல்லிப் படிக்கும் பெரியபுராணமே இதற்கு மாறாகப் பேசுகிறது. ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துக்குள் சேக்கிழார் வைத்திருக்கும் சுந்தரர் கதையைப் பாருங்கள். திருவாரூரில் பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கிறார் சுந்தரர். பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யவேண்டும். அந்த நேரம் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே கேட்டுவைக்கிறார். இறைவனோ, மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியார் பக்கத்துக்குச் சொல்லிவிடுகிறார். சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகின்றன. இறைவனுக்கே நண்பர், தம்பிரான் தோழர் என்ற உரிமை அவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால் அவர் பாடுவதை நிறுத்தவுமில்லை, நடப்பதை நிறுத்தவுமில்லை. திருவெண்பாக்கத்தில் பார்வை கேட்டவருக்கு ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண், ஆரூருக்கு வந்தபிறகே வலக்கண். பிழையை உணர்ந்தவனுக்கு அருள் உடனே முழுதாய் வந்துவிடுவதில்லை. அடுத்த ஊர்வரை நடக்கத் தேவையான அளவு வருகிறது. நம்பிக்கை என்று நான் சொல்வது அந்த நடையைத்தான்.

சுந்தரரும் பரவையாரும் சங்கிலியாரும் கயிலையிலிருந்து வந்தவர்கள், அது திருவிளையாடல், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். விளையாட்டு என்றே வைத்தாலும், ஒற்றியூர் மணத்தை அறிந்த பரவையாரின் கோபத்தைச் சேக்கிழார் விளையாட்டாக எழுதவில்லை. சமாதானம் பேசப்போனவர்களிடம், இன்னும் வற்புறுத்தினால் உயிரை விடுவேன் என்கிறார் அந்த அம்மையார். பிறகு சுந்தரருக்காக இறைவனே அர்ச்சகர் வடிவில் நள்ளிரவில் வாசலுக்குப் போகிறார், மறுத்து அனுப்பப்படுகிறார், மறுபடியும் போகிறார். ஏமாற்றப்பட்டவரின் கோபத்துக்கு இறைவன் கொடுத்த மரியாதை அது. ஆகவே, கடவுளே மன்னித்துவிட்டார், நீ ஏன் மன்னிக்கவில்லை என்று பாதிக்கப்பட்டவரை நெருக்குவதற்கு இந்தக் கதையில் இடமில்லை.

இன்னொரு கேள்வி கடினமானது: ஆணின் சபலத்துக்கு ஆண்டவன் தூது போகலாமா? இதை முதலில் கேட்டவர் கலிக்காமரே. இறைவனைத் தூது அனுப்பிய சுந்தரரால் தம் சூலைநோய் தீர்வதைவிடச் சாவதே மேல் என்று உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். சுந்தரரும் அதே வழியில் சாகத் துணிந்தபோது, அருளால் உயிர்த்தெழுந்து அவர் கையிலிருந்த வாளைப் பிடித்தவரும் கலிக்காமரே. அந்தக் கோபக்காரரைத்தான் நம் மரபு நாயனாராக வணங்குகிறது. அவர் கேள்வியை அது மறைக்கவில்லை.

சுந்தரரின் ஆடிச் சுவாதி குருபூசைக்கு இந்தப் புராணத்தைச் சுருக்காமல் முழுதாய்ப் படிக்க ஒழுங்கு செய்யுங்கள். வழக்கில் இருக்கும் இரு வீட்டாரையும் அழையுங்கள். பிழை விட்டவர் யாரோ, அவரே முதலில் மற்றவர் படலையைத் தட்டட்டும்; திறக்காவிட்டால் மறுபடியும் போகட்டும்.