கண்டிஷனர் விஷமுமல்ல, சுருட்டை முடி குற்றமுமல்ல



நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கண்டிஷனர் முழுக்க கெமிக்கலாம், போட்டால் முடி கொட்டுமாம், சீயக்காய் மட்டும் போதுமாம். அதை அனுப்புகிறவர்களே, வீட்டில் சுருட்டை முடிக்காரப் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும், "பார்லருக்குப் போய் முடியை ஸ்ட்ரெய்ட்டன் பண்ணிக்கிட்டு வாம்மா" என்கிறார்கள். கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

நாம் கடலூர்க்காரர்கள். சின்னப் பாக்கெட்டில் பொருளை அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்று காட்டிய சின்னி கிருஷ்ணன் நம் ஊர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் போட்டுத் தொடங்கிய சிக் ஷாம்பு, பெட்டிக்கடை வரை போனது. நல்ல காரியம்தான். ஆனால் ஷாம்பு வந்ததும் நாம் எண்ணெயைக் கைவிட்டோம்.

பாட்டி வெறும் சீயக்காயால் முடி வளர்த்தார் என்பது பாதிக் கதை. சீயக்காய் அழுக்கை எடுக்கும், அவ்வளவுதான். அதற்கு முன் தேய்த்த தேங்காய் எண்ணெய்தான் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் போகாமல் காத்தது. அதாவது பாட்டியும் கண்டிஷனர் போட்டார். அவர் அதை எண்ணெய் என்றார்.

ஷாம்பு போட்டு அலசிய முடியில் எதிர்மின்சுமை இருக்கும். கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருளுக்கு நேர்மின்சுமை. எதிரும் நேரும் ஈர்க்கும் என்று படித்தீர்களே, அதேதான். முடி எங்கே அதிகம் சேதமாகியிருக்கிறதோ அங்கே அதிகம் ஒட்டும். சிக்கு குறையும், சீப்பு இழுத்து முடி அறுவது குறையும். லேபிளில் 'செட்டில் ஆல்கஹால்' என்று பார்த்துப் பதறாதீர்கள். அது மெழுகு போன்ற பொருள், முடியை உலர்த்தாது. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அந்தப் பழியைக் கண்டிஷனர் மேல் போடாதீர்கள்.

போடும் முறைதான் முக்கியம். ஷாம்புவுக்குப் பிறகு, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, நடுமுடியிலிருந்து நுனி வரை தடவுங்கள். மண்டையில் தேய்க்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். எண்ணெய் வழியும் தலைக்கும் மெல்லிய முடிக்கும் நுனியில் கொஞ்சம் போதும். வறண்ட முடி, சாயம் போட்ட முடி, சுருட்டை முடி மூன்றுக்கும் தாராளமாக வேண்டும். சுருட்டை முடியைக் கண்டிஷனர் ஈரத்தோடு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிரியுங்கள். காய்ந்த பிறகு சீவினால் பரட்டையாகும். வெடித்த நுனியை எந்தப் பாட்டிலும் ஒட்டவைக்காது, வெட்டத்தான் வேண்டும். பொடுகுக்கும் இது மருந்தல்ல, டாக்டரிடம் போங்கள்.

பார்லரில் செய்யும் முடி நேராக்கும் சிகிச்சைகள் சிலவற்றில், சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. சில ரூபாய்க் கண்டிஷனர் பாக்கெட்டைக் கெமிக்கல் என்று பயமுறுத்திவிட்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்து இதற்குப் பெண்ணை அனுப்புவது என்ன நியாயம்?

சிதம்பரத்தில் விரிசடையோடு ஆடுகிற நடராஜரைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிறோம். வெளியே வந்ததும் வயசுப் பெண்ணைப் பார்த்து, "என்னடி தலை இது, பரட்டை மாதிரி?" என்கிறோம். பதின்மூன்று வயதில் கேட்ட அந்தச் சொல் முப்பது வயதிலும் வலிக்கும். இப்படிக் கேட்டே வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒளிந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தைகளே, சித்திகளே, பெரியம்மாக்களே! முடியை நேராக்கச் சொல்லாதீர்கள். ஒரு பாக்கெட் கண்டிஷனரும் ஒரு அகலப் பல் சீப்பும் வாங்கிக்கொடுங்கள், போதும்.

மறுக்க நினைப்பவர்கள் கீழே எழுதலாம். காரணத்தோடு எழுதினால்தான் மார்க்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்