பால் வாங்கப் போகும் தூரத்துக்கு ஒரு பேண்ட்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். சித்திரை பிறந்துவிட்டால் எங்களுக்கு அது கேலியாகத் தெரியாது. பதினோரு மணிக்கு சத்துவாச்சாரித் தெருவில் நடந்தால் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு 68 வயதுக்காரன் ஒருவன், "பைக்கில் போகும்போது பாதுகாப்புப் பேண்ட் போடுங்கள்" என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டே படியுங்கள். நானும் சிரித்தவன்தான்.

தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று கம்பம் கம்பமாகச் சுற்றியது பழைய ராஜ்தூத்தில். அத்தனை வருடத்தில் விழுந்தது ஒரே தடவை. அதுவும் மழைக்காலத்துச் சேற்றில், அடி ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த பிறகுதான் சரியாக விழுந்தேன். வீட்டிலிருந்து 600 மீட்டர் கூட இருக்காது.

போன வருடம் மே மாதம், சாயங்காலம் ஐந்து மணி. இட்லி மாவு வாங்கி வரக் கிளம்பினேன். இடுப்பில் லுங்கி, காலில் ரப்பர் செருப்பு. ஹெல்மெட் மட்டும் இருந்தது, மகன் போட்ட சண்டையில் வந்த பழக்கம். திரும்பி வரும்போது தெருமுனையில் வீடு கட்டக் கொட்டிய மணல் ரோடு வரைக்கும் பரவிக் கிடந்தது. ஒரு பையன் சைக்கிளில் குறுக்கே வர, நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி வலது பக்கமாகப் படுத்துவிட்டது. வேகம் 25 இருந்தால் அதிகம். லுங்கி தொடைக்கு ஏறிவிட, முட்டியும் தொடையின் பக்கவாட்டும் தரையில் உரசின. மாவு பாக்கெட் மட்டும் உடையவில்லை. நாலு பேர் தூக்கிவிட்டபோது முதலில் லுங்கியைத்தான் இழுத்துவிட்டேன். மானம் முக்கியம் அல்லவா.

சாதாரண ஆளுக்குப் பத்து நாளில் காய்ந்துவிடும் சிராய்ப்பு. எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. ஏழு வாரம் ஆயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரித்துக் கட்டுவது. மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் புது வீட்டைவிட்டு என் காலைப் பற்றியே விசாரித்தார்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் ஆறாத புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வயதில் அப்படி ஒருவரையாவது தெரியாதவர் யார்?

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு. நான் விழுந்த அன்று வீட்டில் ஒரு நல்ல ரைடிங் பேண்ட் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பியது. "அப்பா, ஐரோப்பாத் தரம்பா, இதுல விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். உள்ளே மழைக்கு ஒரு அடுக்கு, குளிருக்கு ஒரு அடுக்கு. இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள் அது ஆணியில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை.

என் கருத்து இதுதான்: ஆணியில் தொங்கும் முதல்தரப் பேண்டைவிடக் காலில் இருக்கும் நடுத்தரப் பேண்ட் மேல். வெயில் ஊரில், பக்கத்துத் தூரத்துக்குப் பேண்ட் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது "இது எவ்வளவு தாங்கும்?" என்பதல்ல. "இதை மே மாதம் மாவு வாங்கப் போகும்போது நான் போடுவேனா?" என்பதுதான். அதற்கு ஆமாம் என்று பதில் வந்த பிறகு, அவற்றுக்குள் எது அதிகம் தாங்கும் என்று பாருங்கள்.

"மெதுவாத்தானே போறேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 20 கிலோமீட்டரில் போனாலும் விநாடிக்கு ஐந்தரை மீட்டர் தோல் தார் ரோட்டில் உரசும். வண்டி நின்றுகொண்டே சாய்ந்தாலும் தப்பிக்க முடியாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர். நம் இடுப்பு எலும்புக்கு அது போதும். இளைஞர்களுக்கு முட்டி, நமக்கு முட்டியும் இடுப்பும்.

விழுந்து எழுந்த பிறகு நான் கடை கடையாக ஏறி இறங்கிக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் துணி. சாதாரண ஜீன்ஸ் போதும் என்று நானும் நினைத்தேன். தடியாகத் தெரிந்தாலும் ரோட்டில் இழுபட்டால் அது சீக்கிரம் கிழிந்துவிடும். கெவ்லார் என்கிற நார் வைத்துத் தைத்த ஜீன்ஸ் தாங்கும், ஆனால் உள்ளே இன்னொரு அடுக்கு இருப்பதால் நம் ஊர் வெயிலில் புழுங்கும். எனக்கு ஒத்துவந்தது வலைத்துணிப் பேண்ட். தொடையின் முன்பக்கம் காற்று புகும் வலை, முட்டியிலும் இடுப்பிலும் உட்காரும் இடத்திலும் கெட்டித் துணி. வலை எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். தரையில் முதலில் படும் இடமெல்லாம் வலையாக இருந்தால் பிரயோஜனமில்லை. இன்னொன்று, வண்டி ஓடும்போதுதான் வலைக்குள் காற்று வரும். சிக்னலில் நின்றால் அதுவும் அடுப்புதான்.

அடுத்து உள்ளே தைத்திருக்கும் சீட்டு. இ.என். 17092 என்று ஐரோப்பியத் தர எண் இருக்கும். அதில் ஏஏஏ மேல்படி, பிறகு ஏஏ, பிறகு ஏ. படி ஏற ஏறக் கனமும் சூடும் ஏறும். வெயிலுக்கான வலைப் பேண்ட் பெரும்பாலும் ஏ தான். பி என்று போட்டிருந்தால் துணி உரசலைத் தாங்கும், உள்ளே திண்டு கிடையாது. சி என்றால் திண்டைப் பிடித்துவைக்கும் உறை மட்டும். என் முடிவு: தெருவுக்குள் ஓட்ட ஏ போதும், ஆனால் திண்டு இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஆம்பூர் வரை போகிறவர் இந்தக் கட்டுரையை நம்பி வாங்க வேண்டாம், மேல்படியைப் பாருங்கள்.

திண்டுக்குத் தனி எண், இ.என். 1621-1. அதில் 1, 2 என்று இரண்டு நிலை. இரண்டாவது அடியை அதிகம் வாங்கிக்கொள்ளும். பல பேண்ட்களில் முட்டிக்குத் திண்டு வைத்துவிட்டு, இடுப்பில் வெறும் பை மட்டும் வைத்திருப்பார்கள். கையை விட்டுப் பாருங்கள், காலியாக இருந்தால் இடுப்புத் திண்டையும் தனியாக வாங்குங்கள். கடையில் நின்றபடி அளவு பார்க்காதீர்கள். வண்டியில் உட்காருவது போல உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது முட்டியில் இருந்த திண்டு, உட்கார்ந்ததும் மேலே ஏறித் தொடையில் நிற்கும்.

கணுக்காலில் தொளதொளவென்று இருந்தால் செயினில் மாட்டும். செயற்கைத் துணி சூடான சைலன்சரில் பட்டால் உருகும். அதனால் கீழே இறுக்கும் பட்டை அவசியம். ஆனால் எதுவும் கால் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களும் நரம்பு சுருட்டியவர்களும் இதைக் கவனியுங்கள்.

கடைசியாக, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம்: போட எவ்வளவு நேரம் ஆகிறது? நான் வாங்கியது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் ஜிப் வைத்தது. அரை டிராயருக்கு மேல் சுற்றி, இரண்டு ஜிப்பை இழுத்தால் முடிந்தது. ஒரு நிமிடம். போன இடத்தில் கழற்றி வண்டியில் மாட்டிவிடலாம். வண்டிச் சாவி தொங்கும் ஆணியிலேயே அதையும் தொங்கவிட்டிருக்கிறேன். சாவியை எடுக்க அதை விலக்கித்தான் ஆக வேண்டும். பணம் கையைக் கடித்தால் முட்டிக் காப்பு மட்டுமாவது வாங்கலாம். அது முட்டியைக் காக்கும், தொடையையும் இடுப்பையும் காக்காது என்று தெரிந்து வாங்குங்கள்.

என் நண்பர் ஒருவர், "600 மீட்டருக்கு இவ்வளவு வேஷம் எதுக்கு சார்? நடந்துட்டுப் போங்களேன்" என்றார். அவர் சொல்வது நியாயம். அதிலிருந்து காலையில் பாலுக்கு நடந்துதான் போகிறேன். வெயிலேறிய பிறகு முட்டி வலியோடு நடக்க முடியாத நாளில்தான் வண்டி. தெருவில் முதல் வாரம், "தாத்தா ரேஸுக்குப் போறாரு" என்றார்கள். இரண்டாவது வாரம் யாரும் பார்க்கவில்லை. வேர்க்கிறதா என்றால், வேர்க்கிறது. பத்து நிமிட வேர்வை துண்டோடு போய்விடும். ஏழு வாரக் கட்டு அப்படிப் போகாது. ஆனால் உச்சி வெயிலில் தலை சுற்றுகிறவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அந்த நேரத்தில் பேண்ட் போட்டும் போக வேண்டாம், போடாமலும் போக வேண்டாம். வெயில் தாழட்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். ஏழு வாரம் எனக்குக் கட்டுக் கட்டியவள் அவள்தான். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க. பின்னாடி சேலை கட்டிக்கிட்டு ஒருபக்கமா உட்கார்ந்து வர்றவளுக்கு என்ன வாங்கினீங்க?" என்றாள்.

வண்டிச் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு மறைப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. அதைத் தாண்டி சேலைக்கு ஒரு பாதுகாப்பும் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. சுடிதார் போட்டு அதன்மேல் இந்தப் பேண்டைப் போட்டுக்கொள் என்றேன். பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது.

ஆகவே இப்போது தனியாகப் போனால் பேண்ட், இரண்டு பேராகப் போனால் ஷேர் ஆட்டோ. என் காலுக்கு மட்டும் கவசம் போட்டுக்கொண்டு அவளைப் பின்னால் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.