ஒரு கட்டடம், ஒரு கதை: கீழே கிங் ஆபீஸ்... மேலே ரேடியோ!

'லாட்ஜ்' என்றதும் நமக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரூம் போடும் இடம்தான் ஞாபகம் வரும். இது அந்த லாட்ஜ் இல்லை. ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கிளைக்கும் லாட்ஜ் என்றுதான் பெயர். கூட்டம் நடக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார்கள்; சடங்குகளை வெளியே சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட சங்கம் கட்டிய கட்டடத்தின் ஜன்னல் வழியேதான் மார்ட்டின் லூதர் கிங்கின் குரல் ஊருக்கே கேட்டது!

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஆபர்ன் அவென்யூவில் இருக்கிறது அந்த 'பிரின்ஸ் ஹால் மேசானிக் டெம்பிள்'. டெம்பிள் என்று பெயர் இருந்தாலும் கோயில் இல்லை. பிரின்ஸ் ஹால் என்பவர் பாஸ்டனில் வாழ்ந்த கறுப்பினத் தலைவர். உலகமே சகோதரர்கள் என்று பேசும் ஃப்ரீமேசன் சங்கத்தில், அமெரிக்க வெள்ளையர்களின் லாட்ஜ்கள் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. அவர் லண்டனுக்கு எழுதிக் கேட்டு, 1784-ல் தனி லாட்ஜுக்கு அனுமதிப் பத்திரம் வாங்கினார். அந்தப் பரம்பரையில் வந்தவர்கள்தான் அட்லாண்டா மேசன்கள்.

கட்டடத்தை எழுப்பியவர் ஜான் வெஸ்லி டாப்ஸ். ரயிலில் தபால் பிரிக்கும் வேலையில் 32 வருடங்கள் இருந்தவர். ஆறு மகள்கள், ஆறு பேரையும் ஸ்பெல்மன் கல்லூரியில் பட்டதாரி ஆக்கினார். (அந்தக் காலத்தில் ஆறு பேர்... யோசித்துப் பாருங்கள்!) 1932-ல் ஜார்ஜியா மாநில பிரின்ஸ் ஹால் மேசன்களின் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பொருளாதார மந்தம் நாட்டையே உலுக்கிய அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், சொந்தக் கட்டட வேலையில் இறங்கிவிட்டார்.

அவருக்கு சடங்கு மட்டும் போதவில்லை. 1936-ல் கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய ஓர் அமைப்பையும் தொடங்கினார். ஜார்ஜியாவில் ஜெயிக்கப்போவது யார் என்பதை முடிவு செய்யும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், 1946 வரை வெள்ளையர்கள் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும். அப்படிப்பட்ட ஊரில் இந்த வேலைக்கெல்லாம் வாடகைக்கு இடம் பிடித்தால் என்ன ஆகும்? ஓனருக்கு ஒரு மிரட்டல் வந்தால் போதும், மறுநாள் காலி செய்யச் சொல்வார். சொந்தச் சாவி கையில் இருப்பதன் அருமை, வீடு மாறி மாறி அலுத்த எனக்கு நன்றாகவே புரிகிறது.

1949-ல் ஜெஸ்ஸி பிளேட்டன் என்ற கறுப்பின அக்கவுன்டன்ட் ஒரு ரேடியோ ஸ்டேஷனை வாங்கினார். பெயர் டபிள்யூ.இ.ஆர்.டி. அமெரிக்காவிலேயே கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமான முதல் ரேடியோ ஸ்டேஷன் அதுதான். அதன் ஸ்டூடியோ இந்தக் கட்டடத்தின் மாடிக்கு வந்தது. 1957-ல் கிங்கும் நண்பர்களும் தொடங்கிய 'தென் மாநில கிறிஸ்தவத் தலைமை மாநாடு' அமைப்பின் ஆபீஸ் கீழே வந்தது.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். கிங்குக்கு அவசரமாக மக்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், துடைப்பக் கட்டையை எடுத்து ஆபீஸ் சீலிங்கில் தட்டுவாராம். மேலே இருக்கும் டி.ஜே-வுக்கு அதுதான் சிக்னல். பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கை ஒயரோடு ஜன்னல் வழியாகக் கீழே இறக்குவார். கிங் அதைப் பிடித்துப் பேச, அடுத்த நொடி அட்லாண்டா வீடுகளில் அவர் குரல்! நம் ஊரில் மாடியிலிருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவோமே, கிட்டத்தட்ட அதே டெக்னிக்.

டாப்ஸ் 1961-ல் காலமானார். 1973-ல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்வான மேனார்ட் ஜாக்சன், அவருடைய மகள் வயிற்றுப் பேரன். 2018-ல் வந்த ஒரு சட்டம், கிங் பெயரிலான தேசிய வரலாற்றுப் பூங்காவின் எல்லையை விரித்து இந்த லாட்ஜையும் உள்ளே சேர்த்துக்கொண்டது.