கஞ்சாவுக்கு அனுமதியா?

 

"கனடா 2018-இல் அனுமதித்தது, ஜெர்மனி 2024-இல் அனுமதித்தது. நமக்கு மட்டும் ஏன் தடை?" மேல்பட்டாம்பாக்கம் கடைவீதியில் டீ குடித்தபடி ஒரு தம்பி என்னிடம் கேட்டான். பக்கத்தில் நின்றவன், "குர்ஆனில் கஞ்சா என்று பெயரே இல்லையே ஹஜ்ரத்" என்றான். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இது ஹஷீஷ் என்ற பெயரில் வந்து, இமாம் இப்னு தைமிய்யா ஹராம் என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது தம்பி!

மருந்தாகும், வரி வரும் என்கிறார்கள். இருக்கட்டுமே! மதுவிலும் சூதிலும் பயன் உண்டு, தீங்கு அதைவிடப் பெரிது என்றுதானே அல்பகரா 219-ஆம் வசனம் பேசுகிறது? பயனை யார் மறுத்தது?

அரசே விற்றால் கள்ள வியாபாரம் ஒழியுமாம். இதற்குக் கனடாவரை போவானேன்? 2003 முதல் டாஸ்மாக்தான் சில்லறையாக விற்கிறது. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். டாஸ்மாக் இல்லாத ஊரா அது?

ஆகவே அனுமதி வேண்டாம். ஆனால் இன்றுள்ள சட்டம் சரி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சாச் செடியின் பூவை வைத்திருந்தால் சிறை. அதே செடியின் இலையை அரைத்த பாங்கு (நாம் பள்ளியில் சொல்லும் பாங்கு வேறு!) வடநாட்டில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே விற்கிறது. ஒரு கிலோவரை சிறிய அளவு. அதற்கே ஓராண்டுவரை கடுங்காவல் உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாது, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. போதாததற்குக் குண்டர் சட்டம், விசாரணையின்றி ஓராண்டு. "இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடு" என்று பணம் நீட்டியவன் வீட்டில் தூங்குகிறான். பை தூக்கிய பையன் உள்ளே கிடக்கிறான். அவன் நம் பையன் என்றால் பழி அவனோடு நிற்கிறதா?

வியாபாரிகளே! கடைக்குப் பின்னாலுள்ள அறையில் பார்சல் வைக்க இடம் கேட்டு, வழக்கத்துக்கு மீறிய வாடகை தருகிறேன் என்பவனிடம் உஷார். தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் 25-ஆம் பிரிவில் அதே தண்டனைதான்.

பழக்கத்தில் விழுந்த பிள்ளையை என்ன செய்கிறோம்? சில மஹல்லாக்களில் ஒதுக்கி வைக்கிறார்கள். ஒதுக்கியபின் அவனுக்கு யார் மிச்சம்? விற்கிறவன்தான்! அதே சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, பயன்படுத்திய வழக்கிலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கியவன், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தச் சலுகை பறிபோகலாம். எத்தனை தகப்பன்மாருக்கு இது தெரியும்?

வரும் ஜும்ஆ முடிந்ததும் உன் முத்தவல்லியிடம் கேள்: அப்படியொரு தகப்பன் அழுதுகொண்டு வந்தால், மருத்துவமனைக்குக் கூடப் போக நம் ஜமாஅத்தில் யார் இருக்கிறார்?