சென்னை – கோவை விமானம்: ‘ஒரு மணி நேரம்’ உண்மையில் எத்தனை மணி நேரம்?

சென்னை விமான நிலையத்திலிருந்து கோவை விமான நிலையத்துக்கு வான்வழி தூரம் சுமார் 400 கி.மீ. ரயில் பாதையில் கிட்டத்தட்ட 500 கி.மீ. டிக்கெட் ஆப்பில் விமானப் பயண நேரம் 1 மணி 10 நிமிடம் என்கிற மாதிரி காட்டும். ‘ஒரு மணி நேரம்தானே’ என்று புக் செய்பவர்கள் பார்க்க வேண்டியது, அது எங்கிருந்து எதுவரை என்பதைத்தான்.

தூரக் கணக்கு

பூமியின் உருண்டைப் பரப்பில் இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழிதான் இந்த 400 கி.மீ. ஆனா விமானம் அதே கோட்டில் பறக்காது. காற்றின் திசையைப் பொறுத்து ரன்வே மாறும். ஏறவும் இறங்கவும் சுற்ற வேண்டியிருக்கும். நெரிசல் என்றால் வானிலேயே வட்டமடிக்கவும் நேரும்.

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்?

இதற்குப் பெயர் ‘பிளாக் டைம்’. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கிப் போய் நிறுத்துமிடத்தில் நிற்பது வரை. தாமதத்தைச் சமாளிக்க நிறுவனங்கள் இதில் சில நிமிடங்களைக் கூட்டியே அட்டவணை போடுகின்றன. 15 நிமிடத்துக்குள் தாமதம் என்றால் அது ‘ஆன் டைம்’ கணக்கில்தான் வரும்.

வீட்டிலிருந்து கணக்குப் போட்டால்?

அண்ணா நகரிலிருந்து காந்திபுரம் போகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

விமானம்: ஏர்போர்ட் போக 1 மணி நேரம், செக்-இன், பாதுகாப்புச் சோதனைக்கு 2 மணி நேரம், பிளாக் டைம் 1 மணி 10 நிமிடம், லக்கேஜ் எடுக்க 20 நிமிடம், பீளமேட்டிலிருந்து காந்திபுரத்துக்கு 30 நிமிடம். மொத்தம் 5 மணி நேரம்.

வந்தே பாரத்: சென்ட்ரல் போய் ஏற 1 மணி நேரம், ரயிலில் சுமார் 6 மணி நேரம், கோவை ஜங்ஷனிலிருந்து 15 நிமிடம். மொத்தம் 7 மணி 15 நிமிடம்.

மிச்சமாவது 2 மணி நேரம் சொச்சம். டிஜிசிஏ விதிப்படி, இவ்வளவு குறுகிய தூர விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணிக்கு உணவு தர வேண்டும். அந்தச் சாப்பாடு கைக்கு வரும்போது, ரயிலைவிட மிச்சமான நேரம் முழுசா போயிருக்கும். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ஆனா தவறிப்போன இன்டர்வியூவோ, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டோ திரும்பி வராது.

என்ன செய்யலாம்?

எந்த நிறுவனம் எவ்வளவு நேரம் தவறாமல் இயக்குகிறது என்ற புள்ளிவிவரத்தை டிஜிசிஏ மாதந்தோறும் வெளியிடுகிறது. அதை டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே காட்டச் சொல்வது பெரிய வேலை இல்லை. ஆப்பில் தெரிவது விமானத்தின் நேரம். காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டியது அவருடைய நேரம். அது வரும்வரை, முக்கியமான வேலைக்குப் போகிறவர்கள் கடைசி விமானத்தை நம்பாமல், அதற்கு முந்தையதில் கிளம்புவதே நல்லது.