யாருடைய கண்ணீர் நீலிக் கண்ணீர்?

சென்ற மாதம் எங்கள் ஊரான திருவாலங்காட்டில் வாசிப்பு வட்டத் தம்பிகள் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். காலனியிலிருந்து முனைவர் பட்ட ஆய்வு வரை போன அக்கா என்ற பிரியம். ராஜராஜன் காலத்தில் எங்கள் நிலம் பறிபோனது என்று 2019இல் பா. இரஞ்சித் பேசியதற்கு வழக்குப் போட்டார்களே, அதிலிருந்து தொடங்கினேன். தஞ்சைக் கல்வெட்டிலேயே ‘தீண்டாச்சேரி’ என்ற சொல் இருக்கிறது என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. அடுத்து, 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதைப் பற்றிப் பேசினேன். கூட்டம் சட்டென்று அமைதியானது. முன்வரிசைத் தம்பி ஒருவர் எழுந்து சொன்னார்: “அக்கா, இதெல்லாம் நீலிக் கண்ணீர்.”

திருவாலங்காட்டில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். நீலி எங்கள் பக்கத்து ஊர், பழையனூர்க்காரி. கதை எல்லோருக்கும் தெரியும். கட்டியவனே அவளைக் கொன்றான். பேயாக அலைந்தவள், மறுபிறவியில் வணிகனாக வந்த அவனை அடையாளம் கண்டு, ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுது நியாயம் கேட்டாள். அவர்கள் வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்பினார்கள். அவள் பழிதீர்த்தாள். வாக்குத் தவறியதாக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். வாக்குக் காத்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. கொலையுண்டவளின் கண்ணீர் பொய்க் கண்ணீருக்கு உவமையானது. முதல் கொலையை எல்லோரும் மறந்துவிட்டோம்.

எங்கள் தெருமுனைப் பதாகையில் ராஜேந்திரனும் பிரபாகரனும் அருகருகே நிற்கிறார்கள். ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை எங்கள் கோயிலுக்குக் கொடுத்த செய்தியைச் சொல்வதுதான் திருவாலங்காட்டுச் செப்பேடு. அதற்கு முன் அவ்வூர் ‘சிங்களாந்தக சதுர்வேதிமங்கலம்’ சபையாரிடம் பிரம்மதேயமாக இருந்தது. சிங்களர்க்கு எமன் என்ற பட்டப்பெயர், நான்கு வேதம் ஓதும் பார்ப்பனர் ஊருக்குப் பெயராக இருந்திருக்கிறது. இராமன் குரங்குகளைக் கொண்டு பாலம் கட்டித்தான் இலங்கைக்குப் போனான், ராஜராஜனின் படையோ கப்பலில் போய் இலங்கை மன்னனை அழித்தது, ஆகவே இவன் இராமனையும் மிஞ்சியவன் என்று அதன் வடமொழிப் பகுதி புகழ்கிறது. இராவணனைப் பாட்டன் என்று கொண்டாடும் நாம்தான் இந்தப் பெருமையையும் சேர்த்துத் தோளில் சுமக்கிறோம்.

சோழனை விமர்சிக்க நமக்குத் தயக்கமில்லை. ஆயிரம் ஆண்டு தள்ளி இருக்கிறான். பிரபாகரன் என்றதும் ஏன் வாய் அடைக்கிறது?

ஈழத்தமிழர் பட்டதை நான் குறைக்கவில்லை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிப்பு, 1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1981இல் யாழ் நூலக எரிப்பு, 1983 ஜூலைப் படுகொலை, 2009 முள்ளிவாய்க்கால். இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. இந்தக் குற்றங்களுக்கு இலங்கை அரசு இன்றுவரை உரிய பதில் சொல்லவில்லை. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் எதிரியின் குற்றப்பத்திரிகை நம் தலைவருக்கான விடுதலைத் தீர்ப்பு ஆகாது.

1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பலர் புத்தளம் முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்தார்கள். “முஸ்லிம் ஊர்காவல் படையினர் வீரமுனையில் தமிழரைக் கொல்லவில்லையா?” என்று உடனே கேள்வி வரும். கொன்றார்கள். அந்தக் கொலைகளுக்கும் நீதி வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துத் தையற்காரரும் பழைய இரும்பு வியாபாரியும் வீரமுனையில் என்ன செய்தார்கள்? ஒருவர் குற்றத்துக்கு அவர் பிறந்த சமூகத்தையே தண்டிப்பது எந்தத் தர்மம் என்று ஊர்த்தெருவால் தண்டிக்கப்பட்ட சேரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் செய்தியாளர்கள் முன் அன்டன் பாலசிங்கமே ஒப்புக்கொண்டார். புலிகளே ஒப்புக்கொண்டதை இங்கே இருந்துகொண்டு மறுக்க நாம் யார்?

கிழக்கின் மனக்கசப்பும் இப்படித்தான் ஒதுக்கப்படுகிறது. யாழ்ப்பாணம் தலைமை தாங்க மட்டக்களப்புப் பிள்ளைகள் சாகிறார்கள் என்ற புகார் போருக்குள்ளேயே இருந்தது. 2004 மார்ச்சில் கருணா பிரிந்தபோது அது வெடித்தது. அடுத்த மாதம் வெருகல் ஆற்றங்கரையில் வன்னியிலிருந்து வந்த புலிகளும் கிழக்குப் புலிகளும் மோதிக்கொண்டார்கள். செத்தவர்கள் எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். கருணா பிறகு அரசுப் பக்கம் போய் அமைச்சரானார். அவருடைய படையும் சிறுவர்களைப் பிடித்ததை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. அவர் துரோகி என்ற ஒரே சொல்லில் கிழக்கின் கணக்கை மூடிவிடுகிறோம். கோபத்தை விற்றவர் மோசமானவர் என்பதால் கோபமே பொய்யாகிவிடுமா?

சாதியை எடுத்துக்கொள்வோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழையப் போராடினார்கள். அவர்களைத் தடுக்க வாசலில் நின்றவர்களில் ஒருவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். தனி ஈழம் கேட்ட முன்னோடிகளிலும் ஒருவர் அவர். புலிகள் அப்படி நிற்கவில்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் சாதி வெளிப்படையாகத் தலைகாட்ட அஞ்சியது, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் தளபதிகளானார்கள். இதைச் சொல்லாமல் விடுவதும் அநியாயம்தான். ஆனால் 2018இல் வரணியில் ஒரு கோயில் தேரை ஜேசிபி எந்திரத்தால் இழுத்தார்கள். ஒடுக்கப்பட்டோர் வடத்தைத் தொட்டுவிடக் கூடாதாம். துப்பாக்கிக்குப் பயந்து பதுங்கிய சாதி, துப்பாக்கி போனதும் எழுந்து வந்துவிட்டது. சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்று தள்ளிப்போட்ட விடுதலையின் கதி அது.

இதே தள்ளிப்போடலை இங்கேயும் கேட்கிறோம். எங்கள் ஊர் ஆந்திர எல்லை ஓரம். இந்தப் பக்கத்தில் தெலுங்கு பேசும் அருந்ததியர் வீடுகள் உண்டு. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில், அருந்ததியர்கள் விஜயநகர ஆட்சியில் தூய்மைப் பணிக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று சீமான் பேசினார், வழக்கும் பதிவானது. அண்டை வீட்டாரை வந்தேறி என்று பார்க்கச் சொல்லும் அரசியல், எந்தத் தலைவரின் படத்தை மாட்டிக்கொண்டு வந்தாலும் நமக்கு ஆகாது.

“அப்படியானால் உங்கள் தலைவர்கள் மட்டும்?” என்று கேட்பீர்கள். கேளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது, பெரியாரின் அறிக்கை பண்ணையாரைவிடக் கம்யூனிஸ்டுகளையே அதிகம் சாடியது என்று தலித் எழுத்தாளர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அம்பேத்கர் பழங்குடியினரைப் பற்றி எழுதிய சில வரிகளை ஆதிவாசி அறிஞர்கள் கேள்வி கேட்கிறார்கள், அதுவும் நியாயமானது. கேட்டதால் அவர்கள் இருவரும் சிறுத்துவிடவில்லை. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரே அம்பேத்கர்தான்.

தலைவர்களை நிறுத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த தராசு ஒன்றுதான். இந்தத் தலைவரை நேசிக்க வேண்டுமானால், யாருடைய கண்ணீரைப் பொய் என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது? அப்படி ஒரு கூட்டம் இருந்தால், கணக்கை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும், காத்தான்குடியில் கணவனைப் பறிகொடுத்தவளும், வெருகலில் மகனைத் தேடியவளும் ஒருவர் அழுகையை ஒருவர் ரத்து செய்வதில்லை. அப்படி ரத்து செய்யச் சொல்பவர்கள்தான் பழையனூர்க் கதையை எழுதியவர்கள்.

“இப்போது இதைப் பேசினால் எதிரிக்கு உதவும்” என்பார்கள். கோயில் நுழைவு கேட்டபோது நம் தாத்தாக்களிடமும் இதையேதான் சொன்னார்கள். முதலில் சுதந்திரம், பிறகு சாதி என்றார்கள். அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை.

கூட்டம் முடிந்து அந்தத் தம்பி என்னோடு டீக்கடை வரை வந்தார். கோபம் தணியவில்லை. “எல்லாரையும் கேள்வி கேட்டா நமக்குன்னு யாருதான் மிஞ்சுவாங்க?” என்றார். எனக்குப் பதில் தெரியும் என்று நடிக்கவில்லை. நம் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு போவோம், பேசப் போக வேண்டாம், கேட்டுவிட்டு வருவோம் என்றேன். அதற்கு அடுத்த வாரம், வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களின் சாட்சியங்களை வட்டத்தில் வாசிப்பதாக முடிவாகியிருக்கிறது. தோழர்களே, உங்கள் ஊர் வட்டத்திலும் வாசியுங்கள். யாராவது எழுந்து நீலிக் கண்ணீர் என்றால், நீலியை முதலில் கொன்றது யார் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.