வீடு மாறினோம், ஏடு மறந்தோம்

இணையத்தில் கூடிப் பேசிய தமிழர், ஓரிடம் மூடப்பட்டதும் அடுத்த இடத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட்டனர், ஆகவே இழப்பு ஒன்றுமில்லை என்று கூறுவார் உளர். நம் சங்க அன்பர் சிலரும் இக்கருத்தினரே. நாம் இதனை ஒப்புவதற்கில்லை. போய்ச் சேர்ந்தவர் ஆட்கள். அவர்தம் எழுத்தில் பெரும்பகுதி போய்ச் சேரவில்லை.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாஹூ குழுமங்களில் தமிழ் தழைத்தது. ‘மரத்தடி’, ‘ராயர் காபி கிளப்’ முதலியவற்றில், இதழாசிரியர் எவரது தயவையும் வேண்டாத புதியவர் பலர் கதை எழுதினர், கவிதை எழுதினர், இலக்கணம் பேசினர், சண்டையும் இட்டனர். கடல் கடந்தோர்க்கும், நம்மைப் போல் மலையாள நாட்டில் வாழ்வோர்க்கும் அதுவே தமிழ்த் திண்ணை. பின்னர் ஆர்க்குட் வந்தது. 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-இல் போயிற்று. பழஞ்சேமிப்பை அகற்றப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்த யாஹூ, 2020 டிசம்பர் 15-இல் குழுமங்களையே நிறுத்தியது.

அந்நிய நிறுவனங்கள் நம்மை வஞ்சித்தன என்று மேடையில் முழங்கலாம், கைத்தட்டலும் கிடைக்கும். வாடகை தராமல் பிறர் திண்ணையில் இருந்தவர் பட்டா கேட்பது எங்ஙனம்? ஆர்க்குட் மூன்று திங்களுக்கு முன்னரே அறிவித்தது. தத்தம் பதிவுகளைப் படியெடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை வழியும் விட்டது. புதிய இடத்தில் யார் யார் வந்துவிட்டனர் என்று தலைகளை எண்ணினோமேயன்றித் தாள்களை எண்ணினோமில்லை.

சுள்ளிக்கல்லுக்கு அணித்தே, மட்டாஞ்சேரி யூதத் தெருவின் முனையில், கடவும்பாகம் தொழுகைக்கூடம் இருந்தது. வழிபட்ட மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அக்கூடத்தின் உட்புற மரவேலை 1990-களில் ஜெருசலேம் அருங்காட்சியகத்தை அடைந்து இன்றும் காட்சிக்கு நிற்கின்றது. இங்கே எஞ்சிய கட்டடமோ 2019-இல் இடிந்து சரிந்தது. எதனைப் பெயர்த்தார்களோ அதுவே பிழைத்தது என்பதைத் தினமும் அவ்வழியே நடப்பவர் கூட எண்ணுவதில்லை.

தமிழர்க்கு இது தெரியாத கலை என்றும் சொல்லவியலாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அன்பர்கள் ஊதியமின்றிப் பழநூல்களைத் தட்டச்சிட்டனர். திஸ்கி எழுத்துமுறை போய் யூனிகோடு வந்தபோது அந்நூல்களையும் மாற்றி வைத்தனர். எவரும் படியெடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் காவல். முன்னோர் எழுத்திற்குக் காட்டிய அக்கறையை நம் எழுத்திற்கு நாம் காட்டினோமில்லை.

“அரட்டையைக் காக்கவும் வேண்டுமோ?” என்பர். அரட்டை மிகுதி என்பது மெய்யே. ஆயினும் மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராய்க் காலந்தள்ளும் எம்மனோர் அறிந்த விதி ஒன்றுண்டு: சில ஆண்டே வைக்கத்தக்க ‘சி’ வகைக் கோப்பும், கெடு முடிந்தபின் ஒருமுறை பார்க்கப்பட்டே கழிக்கப்படும். பாராமலே கழிப்பது எந்த முறை? ஐம்பது பேருக்கென எழுதியதை எழுதியவர் இசைவின்றித் தெருவில் வைத்தலாகாது என்பதை ஏற்கின்றோம். அது வெளியிடுவதற்குத் தடை, காப்பதற்குத் தடையன்று.

இன்று எல்லாம் வாட்ஸப். சென்ற ஆண்டு நம் குழுவில் நிகழ்ந்த சொல்லாராய்ச்சி, நேற்றுச் சேர்ந்த உறுப்பினர்க்குக் கிட்டுவதில்லை. காலை வணக்கப் பூங்கொத்துகளோ தவறாமல் கிட்டுகின்றன. உரையாடலை வெளியே எடுக்கும் வசதி அச்செயலியிலேயே உள்ளது. மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்து, பூங்கொத்துகளை நீக்கி, உரியவர் இசைவுடன் தாளில் அச்சிட்டு, ஒரு படி சங்க அலமாரியிலும் மற்றொன்று வேறோர் உறுப்பினர் இல்லத்திலும் வைத்தல் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதனை முன்மொழிய இருக்கின்றோம். மறுக்கும் அன்பர்கள் தம் காரணத்தை எழுத்தில் தருக. அதனையும் கோப்பில் சேர்ப்போம்.